எழுந்து நடக்க 12 விநாடிக்கு மேல் ஆகிறதா? வீட்டுப் பெரியவர்களைக் கவனியுங்கள்!

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க..." வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. ஈரத்தரை மட்டுமல்ல, உடலின் சமநிலை குறைந்திருப்பதும் காரணமாக இருக்கலாம்.

கண், உள்காது, பாத உணர்வு மூன்றும் அனுப்பும் தகவலை வைத்தே மூளை நம்மை நிமிர்ந்து நிற்க வைக்கிறது. சர்க்கரைநோயால் பாதம் மரத்துப்போனவர்கள் கண்ணையே அதிகம் நம்புவதால், இருட்டில் தடுமாறுகிறார்கள்.

பிசியோதெரபிஸ்ட்டுகள் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, வழக்கமான வேகத்தில் 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால், விழும் ஆபத்து இருப்பதாகக் கருதுகிறார்கள். விரிவாகப் பார்க்க 'பெர்க்' பரிசோதனை: 14 செயல்கள், மொத்தம் 56 மதிப்பெண்.

பயிற்சிகளும் எளியவையே. சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, ஒரு பாதத்துக்கு முன்னால் மற்றொன்றை வைத்து நிற்பது... பழகியதும் பிடியைக் குறைத்து, ஃபோம் மீது நிற்க வைத்து, கண்ணை மூடச் சொல்வார்கள். இவற்றைத் துணையின்றிச் செய்யக் கூடாது.

விழுந்த பயத்தில் பலர் நடப்பதையே குறைத்துவிடுகிறார்கள். கால் தசை இன்னும் தளர்ந்து, ஆபத்து கூடுகிறது. "பேசாம உட்காருங்க" என்பதைவிட, "வாங்க, நான் பிடிச்சுக்கறேன்" என்பதே அவர்களுக்கு உதவும்.