மந்திரவாதி, வாள்வீரன், கர்ணனின் சக்தி ஆயுதம்: ஒரு சமநிலைக் கணக்கு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி ரோல்பிளேயிங் ஆட்டங்களில் ஐம்பது வருஷமாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. மந்திரவாதியையும் வாள்வீரனையும் ஒரே மேசையில் எப்படிச் சமமாக உட்கார வைப்பது? இந்த ஆட்டத்தை ஆடிப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, ஒரு கதையைச் சேர்ந்து நடத்துவார்கள். ஒருவர் மட்டும் கதைநடத்துநர். உலகம், எதிரிகள், சிக்கல்கள் எல்லாம் அவர் பொறுப்பு. புதுச்சேரியில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் அந்த வேலை என்னுடையது.

இதை வெறும் விதிச் சண்டை என்று ஒதுக்க முடியவில்லை. எங்கள் வாள்வீரன் பாகூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர். ஒரு ஞாயிறு, சுவர் ஏற வேண்டிய இடத்தில் மந்திரவாதி பறந்தார். பூட்டைத் திறக்க ஒரு மந்திரம், காவலாளிகளைத் தாண்ட இன்னொன்று. கூட்டமாக எதிரிகள் வந்தபோது ஒரே தீக்கோளம், முடிந்தது. கிளம்பும்போது வாள்வீரன், “நான் எதுக்குப்பா வரேன், வேடிக்கை பார்க்கவா?” என்றார். நியாயமான கேள்விதானே?

முதலில் வரலாறு. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது மந்திரத்துக்குப் பலத்த பூட்டு போட்டிருந்தார்கள். ஜாக் வான்ஸின் கதைகளிலிருந்து எடுத்த யோசனை அது: மனப்பாடம் செய்த மந்திரத்தை ஒருமுறை ஏவினால் மனசிலிருந்து அழிந்துவிடும். முதல் நிலை மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு மந்திரம். பிறகு வந்த அட்வான்ஸ்டு பதிப்பில், உயிர்ப்புள்ளிக்கு வீரன் 10 பக்கப் பகடை உருட்டினால் மந்திரவாதி 4 பக்கப் பகடைதான் உருட்டணும். இரண்டாம் நிலைக்குப் போக வீரனுக்குச் சுமார் 2000 அனுபவப்புள்ளி, மந்திரவாதிக்குச் சுமார் 2500. மந்திரம் சொல்லும்போது ஒரு அடி விழுந்தால் மந்திரமே போச்சு.

இந்தப் பூட்டுகள் எரிச்சலூட்டுபவை. அதனால் ஒவ்வொன்றாகக் கழன்றன. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் எல்லோருக்கும் ஒரே அனுபவப்புள்ளிக் கணக்கு. அடிபட்டாலும் மந்திரத்தைக் காப்பாற்ற ஒரு பகடை வாய்ப்பும் உண்டு. வீரன் படிப்படியாக வளர, மந்திரவாதி மடங்கு மடங்காக வளர்ந்தார். 2008-இல் வந்த நான்காம் பதிப்பு எதிர்த்திசையில் போனது. எல்லா வகுப்புக்கும் ஒரே மாதிரி திறன் அட்டவணை கொடுத்தது. சமநிலை வந்தது, ஆனால் எல்லோரும் ஒரே ஆள் மாதிரி இருக்கிறார்கள் என்று பலர் முகம் சுளித்தார்கள்.

2014-இன் ஐந்தாம் பதிப்பில்தான் நாங்கள் ஆடுகிறோம். அதன் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். ஐந்தாம் நிலை வீரன் ஒரு சுற்றில் இருமுறை வெட்டலாம். நீள்வாளுக்கு 8 பக்கப் பகடை, கூடவே பலத்துக்கு 4, சராசரி 8.5, இரண்டு வெட்டுக்கு 17. அதே நிலை மந்திரவாதி நாளுக்கு இரண்டு தீக்கோளம் வீசலாம். ஒவ்வொன்றும் ஆளுக்குச் சராசரி 28. மூன்று பேர் மாட்டினால் 84. தீர்ந்துபோனால் அளவில்லாமல் வீசக்கூடிய சின்னத் தீயம்பு உண்டு, சராசரி 11. எல்லா அடியும் முழுதாக விழுகிறது என்றும், சிறு மந்திரங்கள் தற்காப்புக்குப் போய்விடுகின்றன என்றும் வைத்துக்கொள்வோம்.

நாளுக்கு ஒரே சண்டை, நாலு சுற்று என்றால் வீரன் 68, மந்திரவாதி 190. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதே நாளில் ஆறு சண்டை என்றால்? வீரன் 408, மந்திரவாதி 410.

விதிநூல் நாளுக்கு ஆறிலிருந்து எட்டு சண்டை வரை ஒரு குழு தாங்கும் என்று சொல்வது சும்மா இல்லை. ஆனால் மூன்று மணி நேர ஞாயிற்றுக்கிழமையில் யாரால் ஆறு சண்டை நடத்த முடியும்? எங்களுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஆக, சமநிலை குலைவது வகுப்புகளால் மட்டுமில்லை, ஓய்வின் இடைவெளியாலும்தான்.

இதை நம்ம ஊர்க் கதைகள் எப்போதோ யோசித்து வைத்திருக்கின்றன. பாரதத்தில் வீரன் வேறு, மந்திரவாதி வேறு என்ற பிரிவே கிடையாது. அஸ்திரத்தை மந்திரம் சொல்லி ஏவுகிறவனே வில்லாளிதான். அங்கே கட்டுப்பாடு ஆயுதத்தின் மேல் விழுகிறது. இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதத்தைக் கர்ணன் ஒருமுறைதான் ஏவலாம். அர்ஜுனனுக்காகப் பத்திரமாக வைத்திருந்தான். பதினாலாம் நாள் இரவுப் போரில் கடோத்கஜன் கௌரவப் படையைச் சூறையாட, வேறு வழியில்லாமல் அவன்மேல் ஏவினான். கண்ணன் மகிழ்ந்ததற்குக் காரணம் அதுதான். கதைநடத்துநர் கற்க வேண்டிய பாடமும் இதுவே: பெரிய ஆயுதத்தை இப்போது செலவழிப்பதா, அப்புறத்துக்கு வைப்பதா என்ற தவிப்பு இருக்கும்வரைதான் மந்திரம் அளவோடு இருக்கும்.

இந்திரஜித் கதை இன்னொரு கட்டுப்பாட்டைக் காட்டுகிறது. நிகும்பலை வேள்வி முடிந்துவிட்டால் அவனை வெல்ல முடியாது. வீடணன் அதைச் சொல்ல, இலக்குவன் போய் வேள்வியைக் கலைக்கிறான். மந்திரத்துக்கு நேரமும் இடமும் தேவைப்பட்டால், அதைக் காக்கவும் கலைக்கவும் வாள் தேவைப்படும்.

சண்டைக்கு வெளியே என்ன செய்வது? பறப்பது, மறைவது, பூட்டுத் திறப்பது எல்லாம் மந்திரவாதி கையில் இருக்க, வீரன் பெரிதாக எதையாவது கேட்டால் “நிஜத்துல முடியாதே” என்கிறோம். அரக்கு மாளிகையிலிருந்து தாயையும் நாலு சகோதரர்களையும் பீமன் சுமந்து போனபோது யாரும் அப்படிக் கேட்கவில்லை. உயர்நிலை வீரனைப் பீமன் அளவில் வையுங்கள். கதவை உடைக்கட்டும், விழும் கூரையைத் தாங்கிப் பிடிக்கட்டும்.

செஞ்சி, விழுப்புரம், புதுச்சேரி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரதக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். முக்கிய வேஷம் ஒவ்வொன்றும் திரைக்குப் பின்னால் நின்று பாடி, பிறகுதான் அரங்குக்கு வரும். யார் பலசாலி என்பது அப்புறம். முதலில் அவரவருக்கென்று ஒரு வரவு.

இதையெல்லாம் வைத்து எங்கள் மேசையில் மூன்று மாற்றம் செய்திருக்கிறோம். ஒன்று: முழு ஓய்வு ஊருக்குத் திரும்பினால்தான், அதற்கும் ஏழு நாள் ஆகணும். விதிநூலிலேயே இருக்கும் மாற்று விதி இது. ஒரு ‘நாள்’ இப்போது மூன்று ஞாயிறுக்கு நீள்கிறது. இரண்டு: பெரிய காரியம் சாதிக்கும் மந்திரங்களுக்குச் சடங்கு நேரம் உண்டு. அதுவரை யாராவது வாசலைக் காக்கணும். மூன்று: ஒவ்வொரு அமர்விலும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரவு. அன்று அவர் பாத்திரத்தால் மட்டுமே தீரக்கூடிய ஒரு சிக்கலை முன்கூட்டியே எழுதி வைக்கிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஊர்விட்டு ஊர் நொடியில் போகும் மந்திரம் ஒன்பதாம் நிலையில் வருகிறது. ஊருக்குத் திரும்பினால்தான் ஓய்வு என்ற விதி அன்றைக்கு என்ன ஆகும்? இப்போது எங்கள் குழு ஏழாம் நிலையில் இருக்கிறது. யோசிக்க இன்னும் சில மாதம் இருக்கிறது. உங்கள் மேசையில் இதற்கு ஏதாவது வழி கண்டிருந்தால் சொல்லுங்கள்.