பில்பாவோ கடைசியாக வென்ற லீக்

1984 ஏப்ரல் இறுதியில் ஸ்பெயின் கால்பந்தின் முதல் டிவிஷன் முடிந்தபோது உச்சியில் இரண்டு அணிகள் தலா 49 புள்ளிகளோடு நின்றன: அத்லெடிக் பில்பாவோ, ரியல் மாட்ரிட். ஒரே புள்ளி பின்னால் பார்சிலோனா. சமநிலை விதிப்படி பட்டம் பில்பாவோவுக்குப் போனது. தொடர்ந்து இரண்டாவது முறை. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் பக்கத்து ஊர் ரியல் சோசியதாத் வென்றவை. ஆக, நான்கு ஆண்டுகள் லீக் பட்டம் வட ஸ்பெயினின் பாஸ்க் மண்ணை விட்டு வெளியே போகவே இல்லை.

அன்று அணியை நடத்திய ஹாவியர் கிளெமென்டேவுக்கு வயது 34. அவருடைய ஆட்டத்தில் அழகு குறைவு, முரட்டுத்தனம் அதிகம். 1983 செப்டம்பரில் பார்சிலோனா மைதானத்தில் பில்பாவோவின் கொய்கொய்சேயா பின்னாலிருந்து பாய்ந்து மரடோனாவின் கணுக்காலை முறித்தார். அந்தக் காட்சியை இன்று பார்த்தாலும் முகம் சுளிக்கத்தான் தோன்றுகிறது. 1984 மே 5 அன்று அரசர் கோப்பை இறுதிப் போட்டியில் எண்டிகா அடித்த ஒற்றைக் கோலால் பில்பாவோ அதே பார்சிலோனாவை வீழ்த்தியது. ஆட்டம் முடிந்ததும் அரசர் கண்ணெதிரே மைதானத்தில் உதையும் அடியும். பார்சிலோனா சட்டையில் மரடோனாவின் கடைசி அதிகாரபூர்வ ஆட்டம் அதுதான்.

இரண்டு கோப்பைகளோடும் வீரர்கள் ‘கபார்ரா’ என்னும் சரக்குப் படகில் ஏறி நெர்வியோன் ஆற்றில் ஊர்வலம் வந்தார்கள். இரு கரையிலும் லட்சக்கணக்கானோர் திரண்டிருந்தார்கள். அப்போது அந்தக் கரைகளில் இரும்பு உலைகளும் கப்பல் கட்டும் தளங்களும் இருந்தன. தொழில் ஏற்கெனவே நொடித்துக்கொண்டிருந்த காலம். 1996இல் பெரிய இரும்பாலையும் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே ஆற்றங்கரையில் குக்கன்ஹைம் அருங்காட்சியகம் திறந்தது. இப்போது அங்கே சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பாஸ்க் மண்ணில் பிறந்தவர்களோ அங்கே ஆட்டம் பயின்றவர்களோ மட்டுமே ஆடலாம் என்பது அத்லெடிக்கின் எழுதாத விதி. அன்றும் அதுதான், இன்றும் அதுதான். ஆனால் 1984இல் அந்த விதி அவ்வளவு பெரிய சுமையாக இல்லை. எந்த அணியும் இரண்டு வெளிநாட்டவரைத்தான் களமிறக்கலாம் என்பதால், மாட்ரிட்டும் பார்சிலோனாவும்கூட பெரும்பாலும் ஸ்பானியர்களை வைத்தே ஆடின. 1995இல் ஐரோப்பிய நீதிமன்றத்தின் போஸ்மன் தீர்ப்பு அந்த வேலியைப் பிடுங்கி எறிந்தது. பிறகு ஒவ்வொரு கிளப்பும் தன் தொலைக்காட்சி உரிமையைத் தானே விற்கத் தொடங்க, பணம் இரண்டு வாசல்களில் மட்டும் குவிந்தது. உரிமைகளைக் கூட்டாக விற்க வேண்டும் என்று 2015இல் அரசு ஆணையிட்டது. அதற்குள் இடைவெளி மிகவும் விரிந்துவிட்டது.

1985 முதல் 2025 வரை 41 லீக் பட்டங்கள். அவற்றில் 35 பார்சிலோனாவுக்கும் ரியல் மாட்ரிட்டுக்கும் போயின. மிச்சம் ஆறு: அத்லெடிகோ மாட்ரிட் மூன்று, வலென்சியா இரண்டு, தெபோர்திவோ ஒன்று.

விதி மாறவில்லை, அதற்குள் வருகிற ஆட்கள் மாறியிருக்கிறார்கள். கானாவிலிருந்து வந்த பெற்றோருக்கு பில்பாவோவில் பிறந்தவர் இனாகி வில்லியம்ஸ், பாம்ப்லோனாவில் பிறந்தவர் தம்பி நிக்கோ. 1984இன் அணிப் படத்தில் இப்படி ஒரு முகம் கிடையாது. இந்த மாற்றம்தான் கிளப்புக்குப் புது ரத்தம் என்பேன். 2025 கோடையில் பார்சிலோனா நிக்கோவைக் கேட்டபோது அவர் 2035 வரை பில்பாவோவிலேயே இருக்கக் கையெழுத்திட்டார். இப்படி எல்லாரும் தங்குவதில்லை. 2018இல் மட்டும் லாபோர்ட் மான்செஸ்டர் சிட்டிக்கும், கோல்கீப்பர் கேபா 8 கோடி யூரோவுக்கு செல்சிக்கும் போனார்கள்.

1913இல் கட்டிய அத்லெடிக்கின் பழைய சான் மமேஸ் மைதானத்தை 2013இல் இடித்தார்கள். பக்கத்திலேயே புதியது எழுந்தது. 2024 ஏப்ரலில், 40 ஆண்டுகளுக்குப் பிறகு, அரசர் கோப்பையோடு கபார்ரா மீண்டும் ஆற்றில் இறங்கியது.

கோப்பை என்பது சில ஆட்டங்களின் கதை. லீக் 38 ஆட்டங்களின் கணக்கு. 2024-25 சீசனில் பில்பாவோ 70 புள்ளிகளோடு நான்காவது. பட்டம் வென்ற பார்சிலோனா 88. முன்பு சரிசமமாக நின்ற இடத்தில் அந்த சீசனில் 18 புள்ளி இடைவெளி. உள்ளூர்ப் பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டு ஐரோப்பாவின் பெரிய போட்டிக்குத் தகுதி பெற்றதே அசாத்தியச் சாதனை. ஆனால் பணக் கணக்கு இப்படியே இருக்கும்வரை ஒன்பதாவது லீக் பட்டம் பில்பாவோவுக்கு வராது.