குளிரில் இளகும் மையும் ஒரு சிறுநீரகக் குழாயும்

இலங்கையின் பெரகலப் பக்கம் குளிர் கூடினால் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள்ளேயே உறைந்துவிடும். இதற்கு நேர்மாறாக, குளிரூட்டினால் இளகி ஓடும் மை ஒன்று இருக்கிறது. அந்த மையை வைத்துத்தான் 2016இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஜெனிபர் லூயிஸின் குழு மனிதச் சிறுநீரகத்தின் ஒரு துண்டை அச்சிட்டது.

எந்தத் துண்டு? ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் சிறுநீரகத்திகள், அதாவது வடிகட்டும் அலகுகள், உள்ளன. நாளொன்றுக்குச் சுமார் 180 லீட்டர் திரவம் குருதியிலிருந்து அவற்றுக்குள் வடிகிறது. நாம் கழிப்பதோ ஒன்றரை லீட்டர்தான். வடிந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உடனே மீட்பது, வடிகட்டியை ஒட்டி வளைந்து செல்லும் அண்மைச் சிறுகுழாய். இவ்வளவையும் உறிஞ்சுவதால் பல மருந்துகளின் நச்சும் முதலில் அதைத்தான் தாக்கும்.

இனி அச்சுவேலை. ஜெலட்டினும் குருதியுறைவுப் புரதமும் கலந்த களியின் மேல் ஊசிமுனை மையால் வளைகோடு ஒன்றை இழுக்கிறது. அதன் மேல் இன்னும் களி ஊற்றுகிறார்கள். பிறகு குளிரூட்டினால் மை நீராகிவிடும், உறிஞ்சி எடுத்துவிடலாம். மிஞ்சுவது வெறும் சுரங்கம். உண்மையான வேலையே இனித்தான்: அந்தச் சுரங்கத்துக்குள் மனிதச் சிறுநீரகக் கலங்களைச் செலுத்தி, ஊட்டத்திரவத்தை இடைவிடாமல் ஓடவிடுகிறார்கள். கலங்கள் சுவரில் பற்றி, விளிம்போடு விளிம்பு சேர்ந்து குழாயாகின்றன. தட்டையான ஆய்வுத் தட்டில் சோம்பிக் கிடப்பவை, ஓட்டம் பட்டதும் உயர்ந்து வளர்ந்து, உறிஞ்சும் நுண்மயிர்களை முளைப்பிக்கின்றன. அந்தக் குழாய் இரண்டு மாதங்களுக்கு மேல் உயிரோடு இருந்தது.

அதில் சைக்ளோஸ்போரினைச் செலுத்திப் பார்த்தார்கள். மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காக்கும் மருந்து அது. சிறுநீரகத்தையே கெடுக்கவும் வல்லது. அளவு கூடக்கூடக் குழாய்ச் சுவர் கூடுதலாகச் சிதைந்தது. எந்த நோயாளியையும் ஆபத்தில் தள்ளாமல் நச்சின் அளவை இப்படிக் கண்ணால் காணலாம்.

2019இல் அதே குழு சிறுகுழாய்க்குப் பக்கத்திலேயே ஒரு குருதிக்குழாயையும் அமைத்தது. சிறுகுழாய் மீட்ட குளுக்கோசு அடுத்த குழாய்க்குள் போய்ச் சேர்ந்தது. சர்க்கரையைக் கூட்டியபோது குருதிக்குழாயின் கலங்கள் நலிந்தன. குளுக்கோசு மீட்பைத் தடுக்கும் நீரிழிவு மருந்தைக் கொடுத்ததும் தேறின. ஒரு நோயும் அதன் மருந்தும் களித்துண்டு ஒன்றுக்குள்!

இந்தக் குழாய் நமக்கு ஏன் முக்கியம்? பதுளை மாவட்டத்தின் வடக்குச் சமவெளியிலே, கிராந்துருகோட்டேயில், காரணம் உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் விவசாயக் குடும்பங்களை வாட்டுகிறது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த நோய் இது. நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாதவர்களையும் பிடிக்கிறது. பழுதாவது முக்கியமாகச் சிறுகுழாய்களும் அவற்றைச் சூழ்ந்த இழையமும்தான். நீரின் வன்மை, புளோரைட்டு, பூச்சிநாசினி, களைநாசினி, வெயிலில் உடல்நீர் வற்றுதல் எனச் சந்தேகங்கள் நீள்கின்றன. வயலில் இவை எல்லாம் ஒரே ஆளின் உடலில் சேர்ந்து வருவதால் பிரித்தறிவது கடினம். அச்சிட்ட குழாயில் நீரில் கரையும் பொருட்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகவும், பிறகு இரண்டிரண்டாகவும் ஓடவிட்டுப் பார்க்க முடியும்.

செலவு? இத்தகைய கருவியை மலிவாகவும் செய்யலாம் என்பதற்கு வேறோர் உறுப்பிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு: 2021இல் சென்னை ஐஐடியும் அமெரிக்காவின் எம்ஐடியும் சேர்ந்து, மனித மூளை இழையத்தின் சிற்றுருவை வளர்க்கும் சிறு அறையொன்றை முப்பரிமாண அச்சில் செய்தன. அதற்குப் பயன்பட்டது பல் சிகிச்சையில் புழங்கும் பிசின். உள்ளே திரவ வாய்க்கால்கள்; வளரும் இழையத்தை ஏழு நாள் தொடர்ந்து நுண்ணோக்கியில் பார்க்கலாம். ஓர் அறைக்கு ஆன செலவு ஏறத்தாழ 5 டொலர்.