வேலைநாளைப் படமெடுப்பது: கெடா தோட்டங்களில் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா

கெடாவின் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டுப் பெயர்ந்து வந்த பட்டணத்து வீடுகளிலும் பழைய ஆல்பத்தைத் திறந்தால் கல்யாணம் இருக்கும், காதுகுத்து இருக்கும், தீமிதி இருக்கும். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, நின்ற விடியற்காலையும், பால் வாளியோடு ஸ்டோருக்கு நடந்த முற்பகலும் பெரும்பாலும் இருக்காது. சாதாரண நாளுக்கு யாரும் ஸ்டூடியோக்காரரை அழைப்பதில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் குடியிருப்புகள் எழும் காலம் இது. அந்தச் சாதாரண நாளை நாமேதான் எடுத்து வைக்க வேண்டும். அதற்கு நன்றாகப் பொருந்துகிற கருவி டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா.

எப்படி வேலை செய்கிறது?

இந்தக் கேமராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. ஓரத்தில் உள்ள ஒரு கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்க்கிறோம். சற்றுத் தள்ளி இன்னொரு சிறு சன்னல் உண்டு. அதில் விழும் காட்சி நம் பார்வையின் நடுவில் ஒரு சிறு கட்டமாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் கட்டத்துக்குள் இருக்கும் உருவம் நகரும். இரண்டு உருவங்களும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டால் ஃபோக்கஸ் சரி. மரத்தின் ஓரம், கதவு நிலை, சட்டைக் காலர் போன்ற நிமிர்ந்த கோடுகளில் இது எளிது. இருட்டில் மரம் சீவுகிறவரின் தலைவிளக்கு இன்னும் எளிது: இரண்டாகத் தெரியும் ஒளிப்புள்ளி ஒன்றாகிவிட்டால் போதும்.

படத்தின் எல்லையைச் சன்னலுக்குள் வெள்ளைக் கோடுகள் காட்டும். கோட்டுக்கு வெளியே இருப்பதும் கண்ணுக்குத் தெரியும் என்பதுதான் இதன் சிறப்பு. சுங்கைப்பட்டாணி கடைத்தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் படத்துக்குள் நுழையும் முன்பே அதைப் பார்த்துவிடலாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் சன்னலில் எல்லாம் தெளிவாகவே தெரியும்.

மோட்டாரில் தோட்டத்துச் செம்மண் பாதையில் அடிபட்டு அடிபட்டு இரண்டு உருவங்களின் பொருத்தம் சற்றே விலகக்கூடும். அதைச் சோதிக்க, லென்ஸை முடிவிலிக் குறிக்குத் திருப்பி, தொலைவில் நிற்கும் 1,217 மீட்டர் உயர குனோங் ஜெராயைப் பாருங்கள். மலைமுகடு ஒரே கோடாகத் தெரிந்தால் கருவி சரியாக இருக்கிறது. இரண்டு கோடாகத் தெரிந்தால் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டியதுதான்.

எந்தக் கேமரா?

முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் 2004-இல் வந்த எப்சன் ஆர்-டி1. லைக்காவின் எம்8 2006-இலும், முழு அளவு சென்சார் கொண்ட எம்9 2009-இலும் வந்தன. புதியது வாங்கப் பல்லாயிரம் ரிங்கிட் ஆகும் என்பதால் பலர் பழையதைத் தேடுகிறார்கள். அவர்கள் இரண்டு குறைகளை அறிந்திருக்க வேண்டும். எம்8 அகச்சிவப்புக் கதிரையும் பிடித்துவிடுவதால் கறுப்புப் பாலியஸ்டர் துணி கருஞ்சிவப்பாக விழும். லென்ஸின் முன் அதற்கென உள்ள ஃபில்டரைப் பூட்ட வேண்டும். எம்9 சென்சாரின் மேல்கண்ணாடி அரித்துப்போவது உண்டு; 2014-இல் அந்த நிறுவனமே இதை ஒப்புக்கொண்டது. வாங்கும் முன் வெளிர் வானத்தை எஃப்/16-இல் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளிகள் தெரிந்துவிடும்.

வசதி இல்லையென்றால் கவலை வேண்டாம். கீழே வரும் முறைகளில் பெரும்பாலானவை, தூரத்தைக் கையால் வைக்க முடிகிற எந்தக் கேமராவுக்கும் பொருந்தும்.

முதலில் தூரம்

ரேஞ்ச்ஃபைண்டரில் ஜூம் கிடையாது. 35 அல்லது 50 மி.மீ லென்ஸ் ஒன்றைப் பூட்டிக்கொண்டு நடக்க வேண்டும். முகம் பெரிதாக வேண்டுமென்றால் அந்த மனிதரிடம்தான் போக வேண்டும். போனால் பேச வேண்டும், கேட்க வேண்டும். “அண்ணே, படம் எடுக்கலாமா?” என்று கேட்டு எடுத்த படத்தில் இருக்கும் முகம், தூரத்திலிருந்து திருடிய படத்தில் இருக்காது. இந்தக் கருவியின் பெரிய நன்மையாக நான் நினைப்பது இதைத்தான்.

1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்து படமெடுத்த பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன், வாழ்நாளின் பெரும்பகுதி 50 மி.மீ லென்ஸும் சிறிய லைக்காவுமாகவே வேலை செய்தார். சிறியதாக, ஓசை குறைவாக இருக்கும் கருவி எதிரில் இருப்பவரை மிரட்டாது.

ஓடிக்கொண்டிருக்கும் வேலையை எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் கட்டத்தைப் பொருத்த நேரம் இருக்காது. அப்போது தூரத்தை முன்பே வைத்துவிடுங்கள். முழு அளவு சென்சாரில், 35 மி.மீ லென்ஸை எஃப்/8-இல் 3 மீட்டருக்கு வைத்தால் ஏறக்குறைய 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். ஒரு மரமும் அதைச் சீவுகிறவரும் அடுத்த நிரையும் அடங்க இது போதும். மாறாக, எஃப்/2-இல் 2 மீட்டருக்கு வைத்தால் தெளிவு ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் ஆழம் மட்டுமே. அங்கே கட்டத்தைப் பார்த்துப் பொருத்தியே தீர வேண்டும்.

கெடாவின் வெளிச்சம்

1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. அதனால் கெடாவில் காலை 7 மணிக்கு மேல்தான் சூரியன் எழும். உச்சிக்கு வருவது பகல் 1 மணிக்குப் பிறகு. பெரட்டும் மரம் சீவுவதும் இருட்டிலேயே தொடங்கிவிடுகின்றன. அந்த நேரத்துக்கு ஐஎஸ்ஓ 3200, எஃப்/2, 1/60 நொடி என்று தொடங்கிப் பாருங்கள். ஃபிளாஷ் வேண்டாம், தலைவிளக்கு மரப்பட்டையில் வரையும் வெளிச்சமே அந்தக் காலையின் உண்மை. விடிந்தபின் மரநிழலில் ஐஎஸ்ஓ 1600, எஃப்/5.6, 1/250 ஏறக்குறைய சரியாக வரும். வெட்டவெளி வெயிலில் ஐஎஸ்ஓ 200, எஃப்/8, 1/800.

கறுத்த முகம், வெள்ளைச் சட்டை, பின்னால் வெளுத்த வானம்: நம் ஊரில் அடிக்கடி வரும் சிக்கல் இது. கேமராவின் மீட்டர் வானத்தைப் பார்த்து ஏமாந்து முகத்தை இருட்டாக்கிவிடும். அதே வெளிச்சத்தில் இருக்கும் புல்தரையை நோக்கி அளந்து, அந்த அளவையே வைத்துக்கொண்டு முகத்தை எடுங்கள். ஆனால் எல்லை தாண்டவும் கூடாது. நிழலில் மறைந்த விவரத்தைக் கணினியில் ஓரளவு மீட்கலாம்; முழுதாக வெளுத்துப்போன வேட்டி மடிப்பை எதனாலும் மீட்க முடியாது.

குளிரூட்டிய காரிலிருந்து ஈரக்காற்றில் இறங்கியதும் லென்ஸில் ஆவி படியும். கேமராவைப் பைக்குள்ளேயே வைத்துச் சிறிது நேரம் சூடேற விடுங்கள். வீட்டில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கும் உலர்பெட்டி இருந்தால் பூஞ்சை அண்டாது.

கணினியில்

ஜேபெக்கோடு ரா எனும் மூலக் கோப்பும் சேர்த்துப் பதியுங்கள். லைக்கா எம் கேமராக்கள் டிஎன்ஜி வடிவில் ராவைத் தருகின்றன. பதப்படுத்தும் மென்பொருள்களில் லைட்ரூம் கட்டணத்துக்குக் கிடைப்பது. டார்க்டேபிள், ராதெரபீ இரண்டும் இலவசம். வரிசை எளிது: முதலில் மொத்த வெளிச்சம், பிறகு வண்ணச் சமநிலை, கடைசியாக வெளிச்சமும் நிழலும் தனித்தனியே.

செம்பனை நிழலில் எடுத்த முகங்களில் பச்சை ஏறியிருக்கும். டின்ட் அளவைக் கருஞ்சிவப்புப் பக்கம் சிறிது தள்ளினால் தோல் தன் நிறத்துக்கு வரும். அஞ்சடிக் கடைகளில் ஒரு பக்கம் பகல் வெளிச்சம், மறுபக்கம் குழல்விளக்கு. இரண்டையும் ஒரே அளவால் சரிசெய்ய முடியாது. அத்தகைய படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குவது நல்ல வழி.

அங்கே ஒரு எச்சரிக்கை. கறுப்பு வெள்ளையாக்கும்போது ஆரஞ்சு அளவை உயர்த்தினால் தோல் வெளுக்கும். பலர் முகத்தை அழகாக்குவதாக நினைத்து இதைச் செய்கிறார்கள். செய்யாதீர்கள். கல்யாணப் படங்களில் நம் மக்களின் நிறத்தை வெளுக்க வைத்தது போதும். நிழலைத் திறந்து கண்ணும் சுருக்கமும் தெரியச் செய்யுங்கள்; நிறத்தை அதன் இடத்தில் விடுங்கள். வெயிலில் உழைத்த கறுப்புக்கு ஒரு மினுமினுப்பு உண்டு. கன்னத்து எலும்பிலும் முன்கையிலும் அது தெரியும்படி வைப்பதே நல்ல பதப்படுத்தல்.

பெயரோடு வைத்தல்

படம் முடிந்ததும் கோப்பின் குறிப்புப் பகுதியில் நான்கு விவரங்களை எழுதுங்கள்: யார், எந்தத் தோட்டம் அல்லது தெரு, என்ன வேலை, எந்த நாள். தோட்டத்தின் டிவிஷன் பெயரையும் சேருங்கள். நிலம் கைமாறும்போது முதலில் மறைவது இத்தகைய பெயர்கள்தான். கோப்புகளை இரண்டு வட்டுகளில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். நல்ல படங்களை 4-க்கு 6 அங்குலத்தில் அச்சிட்டு, பின்னால் பேனாவால் பெயரெழுதி, படத்தில் இருப்பவரிடமே கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த முறை அவரே உங்களை அழைத்து, எதை எடுக்க வேண்டும் என்று காட்டுவார்.