கண்ணுக்குப் புலப்படாத அனல்

சென்ற மார்கழியில் ஓரிரவு முடிச்சூர் ஏரிக்கரையில் நின்று வானத்தை நோக்கினோம். கார்த்திகை நக்ஷத்திரங்களுக்குச் சற்று வடக்கே, வெறும் இருளாகத் தோன்றும் ஓரிடத்தில், சுமார் 24 கோடி ஒளியாண்டுத் தொலைவில், ஆயிரத்துக்கு மேற்பட்ட நக்ஷத்திர மண்டலங்கள் கூடியிருக்கின்றன. வானநூலார் அதைப் 'பெர்ஸியஸ்' கூட்டம் என்பர். அவற்றின் இடைவெளியெல்லாம் நிரம்பி நிற்பது பல கோடி டிகிரி உஷ்ணமுள்ள வாயு. அங்குள்ள நக்ஷத்திரங்கள் அனைத்தையும் சேர்த்தாலும் அவ்வாயுவின் எடைக்கு ஈடாகாது!

அவ்வளவு அனலுள்ள வாயு எக்ஸ் கிரணங்களை வீசுகிறது. நமது காற்று மண்டலமோ அவற்றைத் தரைக்கு விடுவதில்லை. ஆகவே தூரதிருஷ்டிக் கண்ணாடியையே காற்றுக்கு அப்பால் அனுப்ப வேண்டியதாயிற்று.

1999 ஜூலையில் அமெரிக்கர் அனுப்பிய அத்தகைய கண்ணாடிக்குப் பெயர் 'சந்திரா'. சென்னைப் பிரஸிடென்ஸி கலாசாலையில் பயின்று, 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, 1983-ல் நோபல் பரிசு பெற்ற ஸ்ரீ சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக இட்ட பெயர் அது.

அறிஞரைக் கடல் கடந்து அனுப்பிய பாரதம், 2015 செப்டம்பர் 28-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'ஆஸ்ட்ரோசாட்' என்னும் தன் சொந்த விண்ணோக்கியை அனுப்பியது. எக்ஸ் கிரணங்களைக் காணும் கருவிகள் அதிலும் உண்டு.

பெயரைச் சொல்லிப் பெருமை கொள்வது எளிது. முடிச்சூர்ச் சிறுமி ஒருத்தி இவ்வாராய்ச்சியில் புகக் கப்பலேற வேண்டியதில்லை என்னும் நிலையை உண்டாக்குவதே நமது கடமை.