கொழுந்து மலையில் கரையும் இரும்பு

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் குருதியைப் பற்றிய ஆய்வு ஒன்றை உலக மருத்துவ நூல்கள் இன்றும் மேற்கோள் காட்டுகின்றன. 1979இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல்’ இதழில் வெளிவந்தது அது. கலிபோர்னியாவைச் சேர்ந்த எட்ஜர்ட்டன், கார்ட்னர் ஆகியோருடன் பேராதனையில் மருத்துவம் கற்பித்த பிரையன் சேனவிரத்னவும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். கொழுந்து எடுப்பவர்களில் சிலருக்கு இரும்புச்சத்துக் குளிசையும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்றுக் குளிசையும் கொடுத்துவிட்டு, அவரவர் எடுத்த கொழுந்தின் நிறையைக் கவனித்தார்கள். ஒரு மாதத்தில், ஹீமோகுளோபின் ஏறியவர்கள் முன்பைவிடக் கூடுதலாகக் கொழுந்து எடுத்தார்கள். ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 6 கிராமுக்கும் 9 கிராமுக்கும் இடையில் கிடந்தவர்களிடம்தான் முன்னேற்றம் அதிகம். இருபத்துநான்கு மணிநேரமும் அளந்து பார்த்தபோது அவர்களுடைய உடலசைவும் கூடியிருந்தது. அதாவது, கங்காணியின் வாயில் ‘சோம்பேறி’ என்ற பட்டம் வாங்கிய ஒரு பெண்ணுக்குக் குறைந்திருந்தது ஊக்கமல்ல, இரும்பு. அந்த ஆய்வின் கேள்வி வேலைத்திறன் பற்றியது. இரும்பு எந்த வழியாகப் போகிறது என்ற கேள்வியோ தோட்டங்களில் இன்னும் உரக்கக் கேட்கப்படவில்லை. புழுத்தொற்று, அடுத்தடுத்த பிரசவம், ஏழை உணவு என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் வயதுக்கு வந்த நாள் முதல் மாதவிடாய் நிற்கும் வரை, மாதந்தவறாமல் இரும்பை வெளியேற்றும் வழி ஒன்றுதான்.

கணக்கு கடினமானதல்ல. 1966இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் ஹால்பெர்க் குழுவினர் 476 பெண்களின் மாதவிடாய்க் குருதியை அளந்தார்கள். மாதம் 80 மில்லிலீற்றருக்கு மேல் போனவர்களிடம் குருதிச்சோகை சட்டென்று கூடியது. ஒரு மில்லிலீற்றர் குருதியில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 80 மில்லிலீற்றர் போனால் நாற்பது மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவான இரும்பு போகிறது; நாளொன்றுக்குப் பங்கிட்டால் 1.3 மில்லிகிராம். சாதாரணமாகவே தோலிலும் குடலிலும் இழக்கும் இரும்பையும் சேர்த்தால், அந்தப் பெண்ணின் உடல் தினமும் 2 மில்லிகிராம் இரும்பை உணவிலிருந்து உறிஞ்சியாக வேண்டும். காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், மத்தியானம் சோறும் பருப்பும் என்று போகும் சாப்பாட்டில் உள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்கு உடலில் சேர்வதே அரிது. எனவே பெரும்போக்கு, அதாவது அளவுக்கு மீறிய மாதவிடாய், உள்ள பெண் மாதாமாதம் கடன்படுகிறாள். முதலில் ஈரலிலும் எலும்பு மச்சையிலும் இருந்த சேமிப்பு கரைகிறது. ஹீமோகுளோபின் இறங்குவது அதற்குப் பிறகுதான். குருதிச்சோகை வரும் முன்பே அசதி வந்துவிடும் என்பதை 2012இல் வெளியான ஆய்வொன்றும் காட்டியது: சோகை இல்லாத, ஆனால் இரும்புச் சேமிப்புக் குறைந்த பெண்களுக்கு இரும்பு கொடுத்தபோது களைப்புத் தணிந்தது.

இந்தக் கணக்கை மலையகத்தில் இரண்டு விஷயங்கள் இன்னும் மோசமாக்குகின்றன. முதலாவது, தேத்தண்ணி. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீரின் துவர்ப்புப் பொருள், தாவர உணவின் இரும்போடு சேர்ந்து கரையாத கூட்டாகிவிடும் என்று 1975இலேயே தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் நிறுவினார்கள். ரொட்டியைக் கடித்துக்கொண்டு சாயம் குடிப்பது பசியையும் குளிரையும் ஒருங்கே ஆற்றும் பழக்கம். அதைக் கைவிடச் சொல்வது நியாயமில்லை. ஒரு மணிநேரம் தள்ளிக் குடித்தாலே இழப்புக் குறைகிறது. இரண்டாவது, உயரம். காற்றில் ஒட்சிசன் குறைந்த இடத்தில் வாழும் உடலுக்குக் கூடுதல் ஹீமோகுளோபின் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2024இல் திருத்திய அளவின்படி, கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்குத் தாழ்நிலத்தில் 12 கிராம் எல்லை என்றால், 1,000 மீற்றருக்கு மேலுள்ள ஹற்றனில் அது 12.8, 1,800 மீற்றரைத் தாண்டிய நுவரெலியாவில் 13.1. கொழும்பின் அளவுகோலை வைத்துக்கொண்டு 12.4 என்ற முடிவைப் பார்த்து “உங்களுக்குச் சோகை இல்லை” என்று நுவரெலியாவில் அனுப்பிவைக்கப்படும் பெண் உண்மையில் சோகை உள்ளவள். குருதிப் பரிசோதனைத் துண்டில் இந்தத் திருத்தத்தைச் சேர்க்க ஒரு சதமும் செலவில்லை.

“மாதாமாதம் எல்லாப் பொம்பளைக்கும் வருவதுதானே, இதற்கும் ஒரு வைத்தியமா?” என்ற கேள்வி ஆண்களிடமிருந்து மட்டும் வருவதில்லை, தாய்மாரும் மாமியாரும் அப்படித்தான் கேட்கிறார்கள். அவர்கள் அனுபவித்தும் பொறுத்தும் பழகியவர்கள் என்பதால் அந்தக் கேள்வியை மரியாதையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். மாதவிடாய் இயல்பு, ஐயமில்லை. ஆனால் ஒரு மணிநேரத்துக்கு ஒரு துணி நனைவதும், கட்டி கட்டியாய்ப் போவதும், ஏழு நாளைத் தாண்டுவதும், இரவில் எழுந்து துணி மாற்ற வேண்டியிருப்பதும் இயல்பின் எல்லைக்கு வெளியே நிற்பவை. அளவுக் குவளையை வைத்து யாரும் அளக்கத் தேவையில்லை. ஒரு பெண்ணின் அன்றாட வாழ்வை முடக்கும் போக்கு எதுவோ அதுவே பெரும்போக்கு என்றுதான் இன்றைய மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. பெரட்டுக் களத்துக்கு விடியற்காலையில் போய், இடுப்பில் படங்கைக் கட்டி, தலைக்கயிற்றில் கூடையைத் தொங்கவிட்டு, மழையில் வழுக்கும் சரிவில் ஏறி, 18 கிலோ அல்லது 20 கிலோ எடுத்தால்தான் ஒரு பெயர், அதாவது ஒரு நாள் சம்பளம், விழும், குறைந்தால் அரைப் பெயர் என்ற நிலையில், மலையில் மலசலகூடமும் இல்லாமல் நாள் முழுக்க ஒரே துணியோடு நிற்பவளுக்கு அந்த முடக்கம் நகரத்துப் பெண்ணுக்கு வருவதைவிடச் சீக்கிரமே வரும்.

வலியின் கதையும் இப்படித்தான். பிக்கிள்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1957இல் மாதவிடாய்க் குருதியில் கருப்பையைச் சுருங்கவைக்கும் பொருள் ஒன்று இருப்பதைக் கண்டார். அது புரோஸ்டகிளாண்டின் என்று பிறகு தெரியவந்தது. அது கூடும்போது கருப்பைத் தசை இறுகி, தனக்குக் குருதி கொண்டுவரும் குழாய்களையே நெரிக்கிறது. வலி அங்கிருந்து வருகிறது. வாந்தி, வயிற்றோட்டம், தலையிடி ஆகியவையும் அதே பொருளின் வேலை. அஸ்பிரின் வகை மருந்துகள் புரோஸ்டகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று ஜோன் வேன் 1971இல் காட்டினார். ஆகவே வலி வந்து படுத்த பிறகு விழுங்கும் பனடோலைவிட, போக்குத் தொடங்கியதும் சாப்பாட்டோடு எடுக்கும் மெஃபனமிக் அசிட் அல்லது ஐபுப்ரோஃபன் நன்றாக வேலை செய்யும். போக்கையும் ஓரளவு குறைக்கும். வயிற்றுப்புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் அவற்றைத் தொடக்கூடாது. சுடுதண்ணிப் போத்தலை அடிவயிற்றில் வைப்பதற்கும் நல்ல ஆதாரம் உண்டு. போக்கையே குறிவைக்கும் மருந்து டிரனெக்சாமிக் அசிட். 1960களின் தொடக்கத்தில் அதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் ஷோசுகே, உதாகோ ஒகமோட்டோ தம்பதியர். பிரசவத்தில் குருதி வடிந்து சாகும் தாய்மாரை மனதில் வைத்து உழைத்த உதாகோ, பார்த்துக்கொள்ள ஆளில்லாத தன் பெண்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வுகூடத்தில் நின்றவர். போக்குள்ள நாட்களில் மட்டும் எடுக்கும் அந்தக் குளிசை போக்கைப் பாதியளவு வரை குறைக்கிறது. குருதி உறைந்து குழாய் அடைபட்ட வரலாறு உள்ளவர்களுக்கு அது ஆகாது.

மருந்து கொடுப்பதற்கு எதிராக ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. வலியை மறைத்து, பெண்ணை மறுபடியும் மலைக்கு விரட்டத்தானே இதெல்லாம் என்பது அது. இந்த அச்சத்துக்கு ஆதாரம் இருக்கிறது. தமிழ்நாட்டின் ஆடைத் தொழிற்சாலைகளில், வலி என்று சொன்ன பெண்களுக்குப் பெயரில்லாத குளிசைகளை மேற்பார்வையாளர்களே கொடுத்ததை 2019இல் தொம்சன் ரொய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளிப்படுத்தியது. அதே ஆண்டில், மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கில் கருப்பையை எடுத்துவிட்டது பெருஞ்செய்தியானது. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி வெட்டு என்பதும் அதன் பின்னணியில் இருந்தது. இரண்டு இடத்திலும் முன்னால் நின்றது பெண்ணின் நோயல்ல, வேலைக் கணக்கு. பிழை குளிசையில் இல்லை. அதைக் கொடுத்த கையில் இருந்தது. என்ன மருந்து, எதற்கு, எத்தனை நாள், என்ன பக்கவிளைவு என்பதைத் தமிழில் சொல்லி, வேண்டாமென்றால் விட்டுவிடும் உரிமையோடு, அரச சுகாதாரச் சேவை கொடுப்பது வேறு விஷயம். ஒரு நாள் லீவே போதும் என்பவர்களுக்கும் பதில் உண்டு. ஜப்பான் 1947 முதல் சட்டத்தில் வைத்திருக்கும் மாதவிடாய் விடுமுறையை இன்று எடுப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. சம்பளத்தோடு கூடிய லீவு தோட்டப் பெண்ணுக்கு வேண்டும், அதை மனதாரக் கேட்கிறேன். ஆனால் லீவு நாளில் குருதி நிற்பதில்லை. ஆரோக்கியத் துவாயும் அப்படித்தான். அதன் மீதான இறக்குமதி வரிகள் 2018 வரை 101.2 சதவீதமாக இருந்து 62.6 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது அது நியாயமான வெற்றி. போகும் குருதியைத் துவாய் ஏந்தும், குறைக்காது.

உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. தோட்டத்துப் பெண் கர்ப்பமானால் குடும்பநல மாது வருகிறார், கிளினிக் அட்டை வருகிறது, இரும்புக் குளிசையும் திரிபோஷவும் வருகின்றன. குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் அதே மாதுதான். அதன்பின் 35க்கும் 48க்கும் இடைப்பட்ட, பிள்ளை பெற்று முடித்த, பெரும்போக்கு மிக அதிகமாக வரும் வயதிலுள்ள பெண் யாருடைய நோயாளியும் அல்ல. இத்தனைக்கும் குடும்பக் கட்டுப்பாட்டு முறைகளே போக்கைக் கூட்டவும் குறைக்கவும் கூடியவை: செப்பு லூப் சிலருக்குப் போக்கையும் வலியையும் கூட்டும், ஹோர்மோன் லூப் மிகவும் குறைக்கும், மூன்று மாத ஊசி முதலில் ஒழுங்கைக் குலைத்துப் பின்னர் பலருக்குப் போக்கையே நிறுத்தும். எதை யாருக்குத் தருவது என்று தீர்மானிக்கும் முன் “எத்தனை நாள் போகிறது, எத்தனை துணி மாற்றுகிறீர்கள்?” என்று கேட்டால் போதும். 1990களில் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதுப் பெண்ணுக்கு இரத்த அழுத்தமும் சீனியும் பார்க்கிறார்கள், மார்பகமும் கருப்பைக் கழுத்தும் பார்க்கிறார்கள். அங்கே இந்த ஒரு கேள்வியும், ஒரு துளி குருதியில் ஹீமோகுளோபினும் சேரட்டும். இரும்புக் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் ஒவ்வொரு குளிசையிலிருந்தும் கூடுதலாக இரும்பு சேர்கிறது என்று சூரிச்சில் செய்த ஆய்வு 2017இல் காட்டியது. வயிற்றெரிச்சலால் நிறுத்திவிடும் பெண்களுக்கு அது பெரிய ஆறுதல்.

குருதியையும் வலியையும் போலவே, மாதவிடாய்க்கு முந்திய வாரத்தில் வரும் மனத்துன்பத்தையும் லயத்து வாழ்க்கையில் கோபக்காரி என்ற பெயரால் மூடிவிடுகிறார்கள், சில வேளை கோயிலுக்கு மந்திரிக்கவும் அழைத்துப் போகிறார்கள். நூற்றில் சிலருக்கு அது கடும் நோயாகவே வருகிறது. 1998இல் அமெரிக்காவில் ஷ்மித் குழுவினர் சூலகத்தின் ஹோர்மோனை மருந்தால் நிறுத்தியபோது பலருடைய அறிகுறிகள் மறைந்தன. திரும்பக் கொடுத்ததும் அதே பெண்களிடம் அவை திரும்பி வந்தன. அந்நோய் இல்லாத பெண்களுக்கு அதே ஹோர்மோன் எதுவும் செய்யவில்லை. ஆகவே குறை ஹோர்மோனின் அளவில் இல்லை, மூளை அதற்குக் காட்டும் எதிர்வினையில் இருக்கிறது. பண்பிலோ வளர்ப்பிலோ இல்லவே இல்லை. சுவரில் தொங்கும் நாட்காட்டியில் இரண்டு மாதம் கெட்ட நாட்களையும் போக்குத் தொடங்கிய நாளையும் குறித்துக்கொண்டு போனால் வைத்தியர் இனங்காண முடியும். ஃபுளுஒக்செட்டின் போன்ற மருந்துகள் இந்த நோயில் சில நாட்களிலேயே வேலை செய்யும். உயிரை விடலாம் என்ற எண்ணம் வருகிறவர்கள் நாட்காட்டிக்குக் காத்திராமல் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்தை அழைக்க வேண்டும்.

மருந்துக்கு அடங்காத வலி, உறவின்போதும் மலம் கழிக்கும்போதும் வரும் வலி, அடிவயிற்றில் தட்டுப்படும் கட்டி, இரண்டு மாதவிடாய்க்கு இடையில் படும் குருதி ஆகியவை எண்டோமெட்ரியோசிஸ், கருப்பைக் கட்டி போன்றவற்றைக் காட்டலாம். அவற்றுக்குத் தோட்டத்து டிஸ்பென்சரி போதாது, டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியா வைத்தியசாலைக்கோ போய் ஸ்கேன் எடுக்க வேண்டும். மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டுக் குருதி பட்டாலும் அந்த வாரமே போக வேண்டும், வேலைக்குப் பெயர் விழாமல் போனாலும் சரி.