மேடை தேடிய நாடகங்கள் – 6: துப்பாக்கி நகரத்தில் ஹாம்லெட்

1993-இல் இணைய அரட்டை அறையில் தட்டச்சாலேயே நடந்து முடிந்த 'ஹாம்நெட்' பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அங்கே நடிகர்களுக்கு உடம்பு கிடையாது. இந்த வாரம் வருபவர்களுக்கு உடம்பு உண்டு, குரல் உண்டு, கையில் துப்பாக்கியும் உண்டு.

2021 ஜனவரி. இங்கிலாந்தில் மூன்றாவது ஊரடங்கு. லண்டன் நாடக அரங்குகள் பூட்டிக்கிடந்தன. சாம் கிரேன், மார்க் ஊஸ்டர்வீன் என்ற இரண்டு நடிகர்கள், வேலை இல்லாமல் வீட்டில் முடங்கி, 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ ஆன்லைன்' ஆடிக்கொண்டிருந்தார்கள். கார் திருடுவது, சுடுவது, போலீஸிடமிருந்து தப்பி ஓடுவது எனப் போகும் ஆட்டம் அது. நடக்கும் இடம் லாஸ் ஏஞ்சலிஸ் சாயலில் உருவாக்கிய லாஸ் சாண்டோஸ் என்ற கற்பனை நகரம். அங்கே திறந்தவெளி அரங்கம் ஒன்று அவர்கள் கண்ணில் பட்டது. ஹாலிவுட் பவுலைப் பார்த்துச் செய்த வைன்வுட் பவுல். மாதக்கணக்கில் மேடை காணாத நடிகர்கள் சும்மா இருப்பார்களா? ஏறி வசனம் பேசினார்கள். 'ஹாம்லெட்' முழுவதையும் இந்த நகரத்திலேயே போட்டுவிடுவது என்று முடிவானது. பம்மல் சம்பந்த முதலியார் 'அமலாதித்யன்' ஆக்கித் தமிழுக்குத் தந்த அதே நாடகம்.

கிரேனின் மனைவி பின்னி கிரில்ஸ் ஆவணப்பட இயக்குநர். அவரும் ஒரு பாத்திரமாக உள்ளே நுழைந்து, நடந்ததையெல்லாம் விளையாட்டுக்குள்ளிருந்தே படம்பிடித்தார்.

நடிகர் தேர்வுக்கு முன்பின் அறியாதவர்கள் வந்தார்கள். வந்த வேகத்தில் சுட்டவர்களும் உண்டு. ஒத்திகை நடுவே ஒரு குண்டு வெடித்தால் போதும், போலீஸ் வந்துவிடும். செத்த நடிகர் சில நொடிகளில் வேறோர் இடத்தில் உயிர்த்தெழுந்து, ஓடிவந்து, விட்ட இடத்திலிருந்து வசனத்தைப் பிடிக்க வேண்டும். வானில் மிதக்கும் ஆகாயக் கப்பலின் முதுகில் நின்று நடித்தபோது கால் தவறிக் கீழே விழுந்தார்கள். ஹாம்லெட்டாக நடிக்கவிருந்தவருக்கு வெளியே வேலை கிடைத்துப் போய்விட, வேடம் கிரேனுக்கே வந்து சேர்ந்தது.

இவ்வளவையும் மீறி நாடகம் நின்றதற்குக் காரணம் குரல். திரையில் தெரியும் பொம்மை உருவத்தின் முகத்தில் துக்கம் படராது. விளையாட்டு தரும் ஒருசில சைகைகளுக்கு மேல் கை அசையாது. அப்பாவை இழந்த மகனின் வேதனை மொத்தத்தையும் ஒலிவாங்கி வழியாக வரும் மூச்சும் தயக்கமும்தான் சுமக்க வேண்டும். ஷேக்ஸ்பியரின் வசனத்துக்கு இது புதிய சோதனை அல்ல. குளோப் அரங்கில் பட்டப்பகலில் நாடகம் நடந்தது. ஒளியமைப்பு கிடையாது, வரைந்த காட்சித் திரை கிடையாது. அரசி கெர்ட்ரூடாக வந்தவன் ஒரு பையன். இரவு, குளிர், கோட்டை மதில் எல்லாமே வார்த்தையில்தான் எழுந்தன. அரங்குக்கு அருகிலேயே கரடிகள் மேல் நாய்களை ஏவிவிட்டு வேடிக்கை பார்த்த கூட்டம்தான், ஒரு பென்னி கொடுத்து நாடகத்தையும் நின்று பார்த்தது. கொள்ளைநோயால் அரங்குகளை மூடிய காலத்தையும் அந்த நடிகர்கள் கண்டவர்கள். ரத்த விளையாட்டின் நடுவே இந்த வசனம் ஒலிப்பது தாழ்ந்துபோனதாக எனக்குத் தோன்றவில்லை. பிறந்த வீட்டுக்குப் போனதாகவே தோன்றுகிறது.

முகமும் வியர்வையும் இல்லாதது நாடகமா என்று கேட்கும் நண்பர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. முதல் வரிசையில் அமர்ந்து நடிகரின் மூச்சைக் கேட்ட அனுபவத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் அதே நொடியில் எதிரே ஒருவர் பேச, அவருக்கு எதுவும் நேரலாம் என்ற பதைப்போடு இன்னொருவர் கேட்டுக்கொண்டிருப்பது அங்கே முழுமையாக இருந்தது. பதிவுசெய்து ஒளிபரப்பும் மேடை நாடகங்களில் அதுதான் இல்லை.

2022 ஜூலையில் நேரடியாக அரங்கேறியது. அந்த முயற்சியின் ஆவணப்படமான 'கிராண்ட் தெஃப்ட் ஹாம்லெட்' 2024-இல் அமெரிக்காவின் சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில் ஆவணப்படப் பிரிவின் நடுவர் விருதைப் பெற்றது. நாடகத்தில் ஈடுபாடுள்ளவர்கள் அதை அவசியம் பார்க்க வேண்டும். அடுத்த வாரம் 1997-க்குப் போவோம்: 'தி பேலஸ்' என்ற படங்களாலான அரட்டை உலகில் பெக்கெட்டின் கோடோவுக்காகக் காத்திருந்தவர்களின் கதை.